24 வாரம் தாண்டிய கர்ப்பம்: 2023 உச்ச நீதிமன்ற வழக்கின் நாள்கணக்கு

மனுதாரர் 27 வயதுப் பெண். மணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்கு அப்போது ஏறத்தாழ ஒரு வயது. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு மாதவிடாய் திரும்பவே இல்லை. பாலூட்டும் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார். பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு 2022 அக்டோபரிலிருந்து மருந்து சாப்பிட்டு வருவதாக அவர் தரப்பு சொன்னது. குமட்டல், சோர்வு, வயிற்றில் ஏதோ சங்கடம் என்று மருத்துவரிடம் போனபோது எடுத்த ஸ்கேனில்தான் கர்ப்பம் தெரிந்தது. அப்போதே சுமார் 24 வாரம்.

பல மருத்துவர்களிடம் போய்ப் பார்த்தார். சட்டம் இடம் கொடுக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகே அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். மூன்றாவது குழந்தையை வளர்க்கும் நிலையில் மனமோ உடலோ குடும்பத்தின் வருமானமோ இல்லை என்பது அவருடைய மனு.

2023 அக்டோபர் 5ஆம் தேதி, அவரைப் பரிசோதிக்க மருத்துவ வாரியம் அமைக்குமாறு டெல்லி எய்ம்ஸுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த நாளே அறிக்கை வந்தது. 9ஆம் தேதி நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அமர்வு கருக்கலைப்புக்கு அனுமதி கொடுத்தது. 10ஆம் தேதி, வாரியத்தில் இருந்த மருத்துவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். சிசு உயிரோடு பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் அதன் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா என்பதை நீதிமன்றமே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது அது. அரசு மீண்டும் நீதிமன்றம் வந்தது. 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகளும் இரண்டாகப் பிரிந்தார்கள்: நீதிபதி கோலி அனுமதி தர மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார், நீதிபதி நாகரத்னா 9ஆம் தேதி உத்தரவு மாற வேண்டியதில்லை என்றார். வழக்கு தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வுக்குப் போனது. எய்ம்ஸிடம் மறுபடி அறிக்கை கேட்கப்பட்டது. 16ஆம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது. அன்றைக்குக் கர்ப்பம் சுமார் 26 வாரம் 5 நாள்.

தீர்ப்பின் காரணங்கள் சுருக்கமானவை. சட்ட வரம்பான 24 வாரம் கடந்துவிட்டது. சிசுவுக்குக் குறைபாடு இல்லை. தாயின் உயிரைக் காக்க உடனே கலைத்தாக வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எனவே 24 வாரத்துக்குப் பின் சட்டத்தில் எஞ்சியிருக்கும் அந்த இரண்டு வாசல்களும் பொருந்தவில்லை. பிரசவத்தை எய்ம்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும், செலவு அரசுடையது, பெற்றோர் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்க அரசு உதவ வேண்டும் என்று வழக்கு முடிந்தது.

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இந்த வழக்கைக் கேள்விப்பட்ட பலர் முதலில் கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை நாட்காட்டியில் இருக்கிறது.

நாட்களைப் பின்னோக்கி எண்ணினால்

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம். இவருக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. ஸ்கேன் சொன்ன வாரத்தை வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டியதுதான். அக்டோபர் 16இல் 26 வாரம் 5 நாள் என்றால் மொத்தம் 187 நாள். கணக்குத் தொடங்கும் நாள் ஏப்ரல் 12. கரு உண்டானது அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் கடைசியில். 20 வாரம் முடிந்தது ஆகஸ்ட் 30. 24 வாரம் முடிந்தது செப்டம்பர் 27. வழக்கில் முதல் உத்தரவு வந்த அக்டோபர் 5ஆம் தேதிக்கும் சட்ட வரம்புக்கும் இடையே உள்ள தூரம் எட்டே நாள்.

இந்த எட்டு நாளை ஸ்கேனின் துல்லியத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் சிசுவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வாரம் சொன்னால், பிழை 5 முதல் 7 நாள். 16 வாரத்துக்கு மேல் 10 நாள். 22 முதல் 28 வாரத்துக்குள் முதல் ஸ்கேன் எடுத்தால் இரு பக்கமும் 14 நாள். 28க்கு மேல் 21 நாள். காரணம் எளிது: தொடக்கத்தில் எல்லாச் சிசுவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளரும், பிறகு பரம்பரை, தாயின் ஊட்டம், நஞ்சுக்கொடி என்று ஒவ்வொன்றும் அளவை மாற்றும். ஆக, முதல் ஸ்கேனே ஆறாம் மாதத்தில் நடந்த ஒருவருக்கு அறிக்கையில் 25 வாரம் என்று வந்தால் உண்மை 23 முதல் 27க்குள் எங்கேயும் இருக்கலாம். சட்டம் கேட்கும் கோடு அந்தப் பிழைக்குள்ளேயே விழுகிறது. ஆனால் அறிக்கையில் ஒரே எண்தான் அச்சாகிறது, அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மருத்துவ வாரிய அறிக்கைகள் பிழையின் அளவையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உடல் காட்டாமல் விட்டது எப்படி

பால்குடி மாறாத வரை கரு தங்காது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தை முலையைச் சப்பும்போது பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் உயர்கிறது, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டல் அடங்குகிறது, சினைமுட்டை வெளிவருவதில்லை. இந்தப் பாதுகாப்பு 98 சதவீதம் வரை நிற்கும், ஆனால் மூன்று நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், பகலில் நான்கு மணி நேரமும் இரவில் ஆறு மணி நேரமும் இடைவெளி தாண்டாமல். மாதவிடாய் ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாற வேண்டும்.

ஆறாம் மாதம் குழந்தைக்குத் திட உணவு தொடங்குகிறது. பாலுக்கு வாய் வைக்கும் நேரம் குறைகிறது. ஒரு நாள் சினைமுட்டை வெளியாகிறது. மாதவிடாய் என்பது முட்டை வெளியாகி இரண்டு வாரம் கழித்து, கரு தங்காமல் போனால் மட்டுமே வருவது. முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் மாதவிடாய் வரவே வராது. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த வழக்கில் இளைய குழந்தைக்கு ஒரு வயது என்பதையும் கரு உண்டான ஏப்ரல் கடைசியையும் சேர்த்துப் பார்த்தால், குழந்தைக்கு அப்போது ஆறேழு மாதம். பாதுகாப்பு காலாவதியாகும் சரியான இடம் அது.

மற்ற அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் வேறொரு விளக்கம் கைவசம் இருந்தது. மார்பில் கனமும் மாற்றமும் பாலூட்டுகிறவருக்குப் புதிதல்ல. குமட்டலும் தூக்கக் கலக்கமும் மனநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளிலும் உண்டு. இரண்டு சிறு குழந்தைகளை வைத்திருப்பவருக்குச் சோர்வு எதனால் என்று யாரும் ஆராய்வதில்லை. இரண்டு பிரசவம் பார்த்த வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், கூடுகிற சுற்றளவு பழைய எடையாகவே தெரியும். அசைவை எடுத்துக்கொண்டால், முன்பே பெற்றவர்கள் 16 முதல் 18 வாரத்தில் உணர்ந்துவிடுவது வழக்கம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் அது மெத்தை போட்டதுபோல அசைவை மறைத்துவிடும், அல்லது வாயு என்று தோன்றும். சில மனநோய் மருந்துகள், ரிஸ்பெரிடோன் அவற்றில் ஒன்று, தாமே புரோலாக்டினை உயர்த்தி மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. அவற்றை எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரே மருந்தைத்தான் காரணம் காட்டுவார்.

இது அபூர்வமும் அல்ல. பெர்லினில் ஓராண்டுப் பிரசவங்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 475 பிரசவங்களில் ஒருவர் 20 வாரம் வரை தான் கர்ப்பம் என்றே அறியாமல் இருந்தது தெரிந்தது.

மனநோய் என்ற காரணம்

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வேறு, மனநோய் வேறு. இரண்டாவது, ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். தூக்கமின்மை, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள், தனக்கோ குழந்தைக்கோ ஊறு செய்துவிடக்கூடிய நிலை. உடனடியாக மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய் இது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மனுதாரரின் அச்சம் மிகையானதல்ல.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமும் அதன் விதிகளும் 20 முதல் 24 வாரம் வரை சில பெண்களுக்கு இடம் தருகின்றன: பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், மனநோய் உள்ளவர்கள், சிசுவுக்குக் கடும் குறைபாடு உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால் போதும், நீதிமன்றம் தேவையில்லை. இந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் சில வாரம் முன்பு எடுக்கப்பட்டிருந்தால் மனநோய்ப் பிரிவில் வந்திருக்கக்கூடும்.

இங்கே இன்னொரு சறுக்கலும் உண்டு. அவர் காட்டிய மருந்துச் சீட்டில் எந்த நோய்க்காக அந்த மருந்து என்று எழுதப்படவில்லை என்பதை மூவர் அமர்வு சுட்டிக்காட்டியது. நம் மருத்துவமனைகளில் மனநல மருந்துச் சீட்டுகள் பல அப்படித்தான் இருக்கின்றன, அவமானம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில். பிறகொரு நாள் அந்தக் காகிதமே சான்றாக வேண்டியிருக்கும்போது அது வாய் திறக்காது. நோயின் பெயர், தொடங்கிய தேதி, மருந்தின் அளவு மூன்றும் குறைந்தபட்சம் நோயாளி கையில் உள்ள தனித் தாளிலாவது இருக்க வேண்டும்.

26 வாரத்தில் மருத்துவர் ஏன் தயங்கினார்

24 வாரத்துக்குப் பின் கருக்கலைப்பு என்பது செய்முறையில் வலி தூண்டிப் பிரசவிக்க வைப்பதுதான். 26 வாரச் சிசு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் அது பிழைக்கக்கூடும். ஆனால் நுரையீரல் முதிர்ந்திருக்காது. மூளைக்குள் இரத்தக் கசிவு, விழித்திரைப் பாதிப்பு, நீண்டகால ஊனம் எல்லாம் வரலாம். ஆகவே இதயத் துடிப்பை முதலில் நிறுத்திவிட்டுத்தான் வலி தூண்டுவது உலகளவில் வழக்கம். கடும் குறைபாடுள்ள சிசுவுக்கு இதைச் செய்ய மருத்துவர்கள் பழகியிருக்கிறார்கள். குறை இல்லாத சிசுவுக்குச் செய்வது வழக்கமல்ல என்பதே எய்ம்ஸ் மருத்துவரின் மின்னஞ்சலின் சாரம். செய்யாமல் விட்டால், வேண்டாம் என்று வந்த தாய்க்கு ஊனத்தோடு போராடும் குறைமாதக் குழந்தை பிறக்கும். 9ஆம் தேதி உத்தரவு இந்தக் கேள்வியைத் தொடவில்லை. முதல் வாரிய அறிக்கையிலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு பெண் மருத்துவமனைப் படுக்கைவரை போய்த் திரும்பும் கொடுமை நேர்ந்திருக்காது.

தாமதத்தின் மற்ற வழிகள்

நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் பெரும்பகுதி வேறு இரண்டு வகை. முதலாவது, சிசுவின் குறைபாடு. ஐந்தாம் மாத ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது, அதற்கு முன் இதயத்தின் அறைகளையும் பெருங்குழாய்களையும் தெளிவாகப் பார்க்க முடியாது என்பதால். மண்டையோடு உருவாகாத நிலை 12 வாரத்திலேயே தெரியும். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலம் 20 வாரத்தை ஒட்டித்தான் முழுமையாகத் தெரியும். மூளையின் மேற்பரப்பில் மடிப்புகள் விழாத குறை, தலை வளராமல் நின்றுபோவது, எலும்பு நீளாத சில நோய்கள் ஏழாம் மாதத்தில்தான் தலைகாட்டும். 20 வாரத்தில் சந்தேகம், 21இல் பனிக்குட நீர்ப் பரிசோதனை, குரோமோசோம் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 24 வந்துவிடும்.

2008இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தம்பதி, சிசுவின் இதயத்தில் துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் முழுதாகத் தடைபட்டிருக்கிறது என்று 24 வாரத்தில் தெரிந்து வந்தார்கள். அப்போதைய வரம்பு 20 வாரம், மறுக்கப்பட்டது. அந்த வழக்கிலிருந்து 2021 திருத்தம் வர 13 ஆண்டுகள் பிடித்தன. இன்று கடும் குறைபாட்டை மருத்துவ வாரியம் உறுதி செய்தால் வார வரம்பு இல்லை. அப்படியும் 2023 ஜனவரியில் சுமார் 33 வாரத்தில் சிறிய தலையோடு கண்டறியப்பட்ட சிசுவுக்கு வாரியம் மறுத்துவிட, மும்பை உயர் நீதிமன்றம்தான் தலையிட்டு, முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது என்று அனுமதித்தது.

இரண்டாவது வகை, பாலியல் வன்முறைக்கு உள்ளான சிறுமிகள். பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்காக வராது, வரவில்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நடந்ததைச் சொல்லச் சொல் இருக்காது. பெரும்பாலும் செய்தவன் வீட்டுக்குத் தெரிந்தவன். 2017இல் சண்டிகரின் 10 வயதுச் சிறுமி வயிற்றுவலி என்றபோதுதான் கர்ப்பம் தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது 32 வாரம். அந்த நிலையில் கலைப்பது சிறுமிக்கு ஆபத்து என்று வாரியம் சொல்ல, அனுமதி மறுக்கப்பட்டது. ஆகஸ்டில் அறுவைசிகிச்சையில் குழந்தை பிறந்தது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்ற கட்டாயமே பல குடும்பங்களை மருத்துவமனைப் பக்கம் வரவிடாமல் செய்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு இதைக் கவனித்து, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவளுடைய பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. இந்த வரி இன்னும் எல்லா மருத்துவமனைக்கும் போய்ச் சேரவில்லை.

நீதிமன்றத்துக்கு வந்த பிறகு நாம் சேர்க்கும் நாட்கள் தனி. 2023 ஆகஸ்டில் குஜராத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் மனுவை, மருத்துவ அறிக்கை கையில் வந்த பிறகும், உயர் நீதிமன்றம் 12 நாள் தள்ளிவைத்தது. உச்ச நீதிமன்றம் சனிக்கிழமை சிறப்பு அமர்வு கூடி அதைக் கண்டித்தது, பிறகு அனுமதித்தது.

எங்கே பிடித்திருக்கலாம்

நம் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரம், அதன் பிறகு 9 மாதம். மூன்றரை மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையே தாய் சுகாதார நிலையத்துக்கு வரக் காரணமே இல்லை. பாலூட்டும் பாதுகாப்பு முடிகிற ஆறாம் மாதம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. இந்த வழக்கில் ஒன்பதாம் மாத ஊசியின்போது, அந்தப் பெண் ஏறத்தாழ 12 முதல் 14 வாரக் கர்ப்பமாக இருந்திருப்பார். அன்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்திருந்தால் நீதிமன்றம், வாரியம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். ஆகவே ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும், மாதவிடாய் திரும்பாத எல்லாத் தாய்க்கும் பரிசோதனைப் பட்டை வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கலாம். மனநல மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கும்போதும், மாதவிடாய் இல்லாமல் தொடரும் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் இதையே செய்யலாம். 14ஆவது வார ஊசியின்போதே அடுத்த கருத்தடை முறையைப் பேசிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை), மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இரண்டுமே பாலைக் குறைக்காது.

தாமதமாக வந்துவிட்ட பெண்ணுக்கு முதல் மருத்துவர் செய்ய வேண்டியது, மறுத்து அனுப்புவதாக இருந்தாலும் எழுதிக் கொடுப்பது. வந்த தேதி, ஸ்கேன் வாரம், அதன் பிழை அளவு, எப்போது தெரிந்தது, என்ன காரணம், ஏன் மறுப்பு, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே எடுத்த ஸ்கேன் இருந்தால் வாரக் கணக்குக்கு அதுவே ஆதாரம்; பிந்தைய ஸ்கேனை வைத்து மாற்றக் கூடாது. 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை, பல மருத்துவமனைகள் கேட்டு அதிலேயே இரண்டு மூன்று நாளைக் கழிக்கின்றன. 24 வாரம் தாண்டி, சிசுவின் குறைபாடு காரணம் என்றால் மருத்துவ வாரியத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விதிப்படி வாரியம் 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். இரண்டும் கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். எனவே கோரிக்கையின் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த 3 நாள் எப்போது தொடங்கியது என்று பிறகு யாராலும் காட்ட முடியாது.